பெறுபேறு வந்த வாரம்

வணக்கம் ஐயா,

நாங்கள் பருத்தித்துறையில் இருக்கிறோம். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் முதல் முறையாக எழுதினாள். போன கிழமை பெறுபேறு வந்தது. உயிரியல் பி, இரசாயனவியல் பி, பௌதிகவியல் சி. இசட் புள்ளி 1.2034. சின்ன வயதிலிருந்து டொக்டராக வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது அறையை விட்டு வெளியே வருகிறாள் இல்லை, யாருடைய போனையும் எடுக்கிறாள் இல்லை. அவளுடைய அப்பா, "இந்தமுறை விண்ணப்பிக்கவே தேவையில்லை, அடுத்தமுறை வடிவாக எழுதட்டும்" என்கிறார். கிளிநொச்சியில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு இவளைவிடக் குறைந்த இசட். ஆனால் மாவட்ட நிலையில் அவன் எவ்வளவோ முன்னுக்கு நிற்கிறான். இரண்டு பேரும் ஒரே வினாத்தாளைத்தானே எழுதினார்கள்? எழுபதுகளில் எங்களுக்குச் செய்த தரப்படுத்தல்தானே இது? நாங்கள் என்ன செய்வது என்று எழுதுங்கள்.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் மூன்று பாடமும் நன்றாகச் சித்தியடைந்திருக்கிறாள். இரண்டு பி, ஒரு சி. முதலில் இதை அவளுக்குச் சொல்லுங்கள். பெறுபேறு வந்த நாளிலிருந்து யாராவது அவளிடம் "கெட்டிக்காரி" என்று சொன்னார்களா? பதினெட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். அந்தப் பாடத்தில் பி எடுக்க ஒரு பிள்ளை எத்தனை இரவு கண்விழித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, இசட் புள்ளிக்கு வருவோம். பெரும்பாலான பெற்றோர் இதைப் பிள்ளை எடுத்த மார்க்ஸ் என்று நினைக்கிறார்கள். இது மார்க்ஸ் அல்ல, வரிசையில் பிள்ளை நிற்கும் இடம். ஒரு பாடத்தை அந்த வருடம் எழுதிய எல்லோருடைய சராசரியையும் எடுப்பார்கள். பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் அளவால், வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படிக் கணக்கிட்டு, அவற்றின் சராசரியைத்தான் பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானத்தில் போடுகிறார்கள்.

ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஒரு பிள்ளை உயிரியலிலும் இரசாயனவியலிலும் 66 எடுக்கிறாள் என்று வையுங்கள். பி என்றால் 65 முதல் 74 வரை, ஆகவே இரண்டுமே பி. உயிரியலில் எல்லோருடைய சராசரி 50, நியம விலகல் 16 என்றால் இசட் 1.00. இரசாயனவியல் கடினமாக வந்து சராசரி 40, நியம விலகல் 20 என்றால் இசட் 1.30. அதே 66, அதே பி, ஆனால் இடம் வேறு. "எங்கட பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரே றிசல்ட்ஸ், இசட் மட்டும் எப்படிக் குறைந்தது?" என்று கேட்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. வினாத்தாள் திருத்தியவரின் பிழை என்று நினைத்து மனம் நோகத் தேவையில்லை. ஆனால் பௌதிகவியலில் சி வருமென்று மகள் நினைக்கவே இல்லை, ஏ எடுக்கும் அளவுக்கு எழுதியிருந்தாள் என்றால், முடிவுத் திகதிக்கு முன் மீள்பரிசீலனைக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அது வரும் வரைக்கும் மற்ற வேலைகளை நிறுத்தி வைக்கவேண்டாம்.

இந்தக் கணக்கு பிழைத்துப்போன வருடமும் உண்டு. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு கூட்டமும் எழுதின. இரண்டையும் ஒன்றாகப் போட்டு இசட் கணக்கிட்டார்கள். வேறு வேறு தாள் எழுதியவர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் அந்த வரிசைக்கு என்ன அர்த்தம்? 2012இல் நாட்டின் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்தது. அந்த மாதங்களில் என்னிடம் படித்த பிள்ளைகள் எதை நம்பி என்ன முடிவெடுப்பது என்று தெரியாமல் தவித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்தது உங்கள் அக்காவின் மகன். மருத்துவம், பொறியியல் போன்ற பல துறைகளில் இடங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்கும் பொதுவான வரிசையில் போகும். 55 இடத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிப்பார்கள். மிச்சம் 5 இடம், கல்வி வசதியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். கிளிநொச்சிப் பிள்ளை தன் மாவட்டப் பிள்ளைகளோடு போட்டியிடுகிறான், உங்கள் மகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு போட்டியிடுகிறாள். யாழ்ப்பாண வரிசை நீளமானது. அதனால்தான் கூடுதல் இசட் இருந்தும் மாவட்ட நிலையில் பின்னுக்கு நிற்கிறாள்.

இது பழைய தரப்படுத்தலா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் எங்கள் வீடுகளில் ஏன் இன்னும் வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குப் போகச் சிங்களத்தில் எழுதியவருக்கு 229 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். எழுதிய மொழியைப் பார்த்து ஒரு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளியது அது. அந்த அநியாயத்தை நான் ஒருநாளும் சிறிதாக்கிப் பேசமாட்டேன். ஆனால் இன்றைய இசட் கணக்கில் மொழி இல்லை. தமிழில் எழுதியவரும் சிங்களத்தில் எழுதியவரும் ஒரே சராசரிக்குள்தான் வருகிறார்கள். மாவட்டப் பங்கீடு அந்தக் காலத்திலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களும் இப்போது அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன, யாழ்ப்பாணமும் சேர்த்துத்தான். கிளிநொச்சி 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்த நிலம். இடம்பெயர்ந்து, கொட்டிலில் படித்து, திரும்பி வந்து எழும்பிய ஊர். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் வருடக்கணக்காகக் காத்திருந்த பாடசாலைகளை அங்கே நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அக்காவின் மகனுக்கு ஓர் இடம் கிடைத்தால், அது உங்கள் மகளிடமிருந்து பறித்த இடம் என்று வீட்டில் ஒரு வார்த்தைகூட வரவேண்டாம். இரண்டு பிள்ளைகளும் நாளைக்கு ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. "இந்தமுறை விண்ணப்பிக்கத் தேவையில்லை" என்று அவளுடைய அப்பா சொல்வதை மட்டும் தயவுசெய்து கேட்கவேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் வெட்டுப்புள்ளிகள், அதாவது ஒவ்வொரு கற்கைநெறிக்கும் உள்ளே போகத் தேவையான ஆகக் குறைந்த இசட், வெளிவந்த அன்று பின்னேரம், என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தது. கையில் அச்சடித்த தாள்கள். விறாந்தையில் இருந்துகொண்டு, யாழ்ப்பாண மாவட்டத்துக்குரிய நிரலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனது. ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் கீழே நின்றது. நான்கு கற்கைநெறிகளுக்கு அவளுடைய இசட் காணும். அந்த நான்கில் ஒன்றைக்கூட விண்ணப்பத்தில் அவள் எழுதியிருக்கவில்லை. மருத்துவமும் பல் மருத்துவமும் மட்டும் போட்டுவிட்டு, "மற்றதெல்லாம் எதற்கு, திரும்ப எழுதத்தானே போகிறேன்" என்று விட்டிருந்தாள். தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். உள்ளே போவது நாற்பதாயிரம் சொச்சம் பேர். இப்படியான நெருக்கத்தில், கையில் இருக்கும் 1.2034ஐ ஒருமுறையாவது போட்டிக்கு விடாமல் பெட்டிக்குள் வைப்பது பெரிய நட்டம். விண்ணப்பித்தபடியே அடுத்தமுறைக்கும் படிக்கலாம், எல்லாமாக மூன்று முறை எழுத இடமுண்டு. ஆனால் ஓரிடம் கிடைத்துப் பதிவும் செய்துவிட்டால், அதன்பிறகு புதிய பெறுபேற்றை வைத்துத் திரும்பவும் போட்டியிடுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பக்கத்தை அவளும் நீங்களும் சேர்ந்து வாசியுங்கள்.

விருப்பத்தெரிவை எழுதும்போது இன்னொரு பிழை நடக்கிறது. "மருத்துவத்தை மேலே போட்டால் மற்றது கிடைக்காமல் போய்விடும்" என்ற பயத்தில் கிடைக்கக்கூடியதை முதலில் எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை அம்மா. பிள்ளையின் இசட்டுக்கு எட்டக்கூடியவற்றில் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்கள். முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்கு வரும்போது அவளுக்கு ஒரு குறையும் வராது. ஆகவே உண்மையான ஆசை எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அந்த ஒழுங்கிலேயே எழுதட்டும். மருத்துவம் மேலேயே இருக்கட்டும். ஆனால் கீழே போகப் போக நிறுத்தாமல் எழுதவேண்டும். போன வருட வெட்டுப்புள்ளியை ஒரு கைகாட்டியாக மட்டும் பாருங்கள், அது வருடத்துக்கு வருடம் மாறும்.

என்ன எழுதுவது என்று தெரிய, அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். டொக்டர் வேலையில் அவளுக்குப் பிடித்தது எது? நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பதா? அப்படியென்றால் தாதியியல் பட்டம் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிறது. ஆய்வுகூடமும் மருந்தும் என்றால் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் மருந்தகவியலும் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. சித்த மருத்துவம் கைதடியிலும் திருகோணமலையிலும் படிக்கலாம். ஆடு மாடு, நாய் பூனையில் உருகும் பிள்ளையாக இருந்தால் நாட்டில் ஒரேயொரு மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. அதற்கும் நல்ல போட்டி. விவசாயத்தை எங்கள் சனம் ஏனோ கடைசியாகத்தான் எழுதுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படித்த என் மாணவர்கள் சிலர் இன்று ஆராய்ச்சியில் இருக்கிறார்கள், மண்ணையும் விதையையும் பற்றி அவர்கள் கதைக்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, அங்கே சூழலியல் விஞ்ஞானம் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் வாசல்கள் இருக்கின்றன. தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கும், கோப்பாயில் இருப்பது போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கும் வர்த்தமானியில் தனியாக விண்ணப்பம் கோருவார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு இவை வராது, கண் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் என்று முகவர்கள் இப்போதே போன் எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். காணியை விற்கும் முன், அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை அங்கீகரித்திருக்கிறதா என்று சபையிடமே கேளுங்கள். படித்துவிட்டு வந்தாலும் இங்கே தொழில் செய்ய ஒரு பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதை முகவர்கள் சொல்வதில்லை.

இரண்டாம் முறை எழுதுவதா என்பதை இந்தக் கிழமை தீர்மானிக்க வேண்டாம். அது அப்பாவின் தீர்மானமும் அல்ல, அவளுடையது. காலை ஐந்து மணிக்கு எழும்பி அதே பௌதிகவியல் கணக்குகளை இன்னொரு வருடம் செய்யப்போவது அவள்தான். மனம் இருந்தால் எழுதட்டும், இரண்டாம் முறையில் நன்றாக ஏறிய பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் சரிவருவதில்லை.

எப்படியானாலும் வளாகம் தொடங்கும் வரைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டி வரும். தமிழில் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அங்கே விரிவுரை ஆங்கிலத்தில் இருக்கும். இந்த இடைவெளியில் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கு அறைக் கதவைத் தட்டி, சாப்பாட்டைக் கொடுத்து, பக்கத்தில் இருங்கள். இசட்டைப் பற்றி நாளைக்குக் கதைக்கலாம். கைநூல் கைக்கு வந்தபிறகு அவள் தன் கையால் ஒரு பட்டியல் எழுதட்டும். விரும்பினால் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் நான் பார்த்துத் திருப்பி எழுதுகிறேன்.

அன்புடன்.