பிக்கப் மாற்றலாமா? கிட்டார் டோன் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) எலக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) சத்தம் காதைக் குத்துகிறது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வாங்கிப் போட்டுவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. பழைய பாணி ஸ்ட்ராட் வயரிங்கில் ஒரு டோன் நாப் (பளிச்சென்ற ஒலியைக் குறைக்கும் திருகு) கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப்புக்கு, இன்னொன்று நடு பிக்கப்புக்கு. பிரிட்ஜுக்கு டோன் கன்ட்ரோலே கிடையாது. குத்தாமல் என்ன செய்யும்? பிக்கார்டை (முன்பக்கத் தகடு) கழற்றி, பிக்கப் ஸ்விட்ச்சில் நடு பிக்கப்பின் டோன் வயர் இருக்கும் காலிலிருந்து (வயர் இணைக்கும் முனை) பக்கத்து பிரிட்ஜ் காலுக்கு ஒரு துண்டு வயரை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கீழ் நாப் இரண்டுக்கும் வேலை செய்யும். அதை 7க்கு இறக்கி வாசித்துப் பாருங்கள்.

அப்புறம் பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு அளந்தால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர் இடைவெளி என்பது சாதாரண சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) ஸ்ட்ராட்டைச் செய்யும் ஃபெண்டர் கம்பெனி சொல்லும் கணக்கு. உங்களுக்கு மெல்லிய பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், பிரிட்ஜுக்கென்றே அதிகச் சுற்று சுற்றிய சிங்கிள் காயில் வாங்குங்கள். ஹம்பக்கர் போட்டால் தடிமன் கிடைக்கும். ஆனால் பிரிட்ஜும் நடுவும் சேர்ந்து தரும் அந்தக் கிணுகிணுப்பு மாறிவிடும். எனக்கு அது பெரிய நஷ்டம்.

கேள்வி: சார், ஒரு பிக்கப்பில் 8 கிலோஓம் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 16. இரண்டாவது இரண்டு மடங்கு சத்தமா?

பதில்: இல்லை. அது கம்பிச் சுருளின் மின்தடை மட்டும். அதே சுற்றை இன்னும் மெல்லிய வயரில் சுற்றினாலே எண் ஏறிவிடும். காந்தம் எது என்றும் பாருங்கள்: அல்நிகோ 2 மிருதுவாக இருக்கும், அல்நிகோ 5 பளிச்சென்று பேசும்.

கேள்வி: சர்ச்சில் கிளீன் டோனில் வாசிக்கிறேன். வாசிக்காத நேரத்தில் 'உம்ம்' என்று இரைச்சல். சிங்கிள் காயிலையும் விட மனசில்லை.

பதில்: அது நம் ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். இதை ஒழிக்கத்தான் கிப்சனில் சேத் லவர் 1955ல் ஹம்பக்கரை வடிவமைத்தார். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். உங்களுடையது ஸ்ட்ராட் என்றால், அதன் நடு பிக்கப் எதிர்ச்சுற்று வகையாக இருந்தால், இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்ச்சின் 2, 4ஆம் இடங்களில் அதே லாபம் சும்மா கிடைக்கிறது. போதாதென்றால் ஒரு சுருள்மேல் இன்னொன்றை அடுக்கிய நாய்ஸ்லெஸ் வகை இருக்கிறது. கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம், கிட்டாரின் கிரவுண்ட் சரியாக இருக்கிறது. மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்றால் மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மெட்டல் இசைக்கு இஎம்ஜி 81 (பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்) போடலாமா அண்ணா?

பதில்: தாராளமாக. வேகமான ரிஃப்பிலும் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் வால்யூம், டோன் நாப்களுக்கு அடியில் இருக்கும் பழைய 500கே பாட்களை (500 கிலோஓம் மின்தடைப் பாகம்) வைத்துக்கொள்ளாதீர்கள். கூடவே வரும் 25கே பாட்களை மாட்டுங்கள். 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.