எம்ஆர்என்ஏ தடுப்பூசி நம் மரபணுவை மாற்றிவிடுமா? அது வைரஸை எப்படி எதிர்க்கிறது?

மாற்றாது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் விவரம் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் கிராம சுகாதாரச் செவிலியர். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ கேரளாவுக்குள் போய், ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புகிறவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை பத்து மணிக்கு ஊசி என்றால் அவர்கள் மலைமேல் இருப்பார்கள். அதனால் 2021-ல் சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் இடத்திலேயே மேசை போட்டோம்.

அங்கேதான் ஒரு அப்பத்தா கேட்டார். காய் பறித்த கறை விரலில் அப்படியே இருந்தது. "ஏத்தா, இது உள்ள போயி ரத்தத்தையே மாத்திப்புடுமாம்ல? எம்மகன் போன்ல காட்டுனான். நாளைக்கு எம் பேரம்பேத்திக்கு என்னாகும்?"

தன்னைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அது என்னை உலுக்கிவிட்டது. அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான்: "அப்பத்தா, போன்ல சொல்ற ஊசி வேற, இது வேற." அது உண்மைதான். 2021 ஜனவரி 16-ல் நம் நாட்டில் தொடங்கிய திட்டத்தில் பெரும்பாலோருக்குப் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். கோவாக்சின் என்பது கொரோனா வைரஸையே வளர்த்து, செயலிழக்கச் செய்து கொடுப்பது. கோவிஷீல்டில் சிம்பன்சிக் குரங்குக்குச் சளி பிடிக்க வைக்கும் ஒரு வைரஸ், நம் உடம்பில் பெருக முடியாதபடி முடமாக்கப்பட்டு, கொரோனாவின் முள் புரதத்துக்கான (வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்) குறிப்பைச் சுமந்து வருகிறது. இரண்டும் எம்ஆர்என்ஏ இல்லை. இன்றும் "எனக்குப் போட்ட எம்ஆர்என்ஏ ஊசியால்தான் இப்படி" என்று சொல்லும் நம்மூர்க்காரர்களில் பெரும்பாலோர் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆனாலும் அப்பத்தா அன்று போட்டுக்கொள்ளவில்லை. "யோசிச்சுட்டு வாரேன்" என்று போய்விட்டார். வேற ஊசி என்று சொன்னது தப்பித்துக்கொள்ளும் பதில் என்று எனக்கே பட்டது. எம்ஆர்என்ஏ என்றால் என்ன என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மருத்துவரிடம் கேட்டேன், படித்தேன். கடைசியில் விளக்கம் தோட்டத்திலிருந்தே கிடைத்தது.

தோட்டத்தில் பேரேடு கணக்கப்பிள்ளையின் அறையில் பூட்டிக் கிடக்கும். அதை யாரும் வெளியே எடுத்து வருவதில்லை. ஸ்டோரில் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் ஒரு துண்டுச் சீட்டு வரும். ஸ்டோர்க்காரர் சீட்டைப் பார்த்துச் சாமானைக் கொடுப்பார், சீட்டைக் கிழித்துப் போடுவார். நம் செல்லும் அப்படித்தான். உட்கருவுக்குள் பூட்டிய பேரேடு டிஎன்ஏ. அதிலிருந்து நகலெடுத்த துண்டுச் சீட்டுதான் எம்ஆர்என்ஏ. உட்கருவுக்கு வெளியே ரைபோசோம் என்ற ஸ்டோர் அந்தச் சீட்டைப் படித்துப் புரதம் செய்கிறது. நம் உடம்பு இந்தச் சீட்டுகளை ஒவ்வொரு நொடியும் எழுதிக்கொண்டும் கிழித்துக்கொண்டும்தான் இருக்கிறது.

தடுப்பூசி வெளியிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவருகிறது. அதில் வைரஸின் முள் புரதத்தை மட்டும் செய்யும் குறிப்பு இருக்கும், முழு வைரஸுக்கான குறிப்பு இருக்காது. மெல்லிய கொழுப்புத் துளிக்குள் பொதிந்து கொடுப்பதால் அது செல்லுக்குள் நுழைகிறது. ஸ்டோர் வரைதான் போகும், பேரேட்டு அறைக்குள் போவதில்லை. சில நாட்களில் உடம்பே அதைச் சிதைத்துவிடும்.

படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: எச்ஐவியும் ஆர்என்ஏ வைரஸ்தானே, அது நம் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறதே? சரியான கேள்வி. எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதும் நொதியையும், அதைப் பேரேட்டில் ஒட்டும் நொதியையும் கையோடு கொண்டுவருகிறது. தடுப்பூசியில் இரண்டும் கிடையாது.

இனி வைரஸை எதிர்ப்பது. ஊசியே வைரஸைக் கொல்வதில்லை, கொல்வது நம் உடம்புதான். செல் செய்து காட்டும் முள்ளைப் பார்த்து, 'இது நம்ம ஆள் இல்லை' என்று நோயெதிர்ப்பு அணுக்கள் கண்டுகொள்கின்றன. சில அணுக்கள் அந்த முள்ளில் போய் ஒட்டும் எதிர்ப்பொருளைச் செய்கின்றன. வேறு சில, வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கப் பழகுகின்றன. அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்கள் பின்னால் தங்கிவிடுகின்றன. நிஜ வைரஸ் வரும்போது உடம்பு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. 1796-ல் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தபோதும் நடந்தது இதுதான். வழி புதிது, உடம்பு செய்யும் வேலை பழசு.

இந்தச் சீட்டு வேலை செய்யப் பல வருடம் பிடித்தது. ஆய்வகத்தில் எழுதிய ஆர்என்ஏவை உடம்பு உடனே எதிரியாகப் பார்த்து அழற்சியைக் கிளப்பியது. கட்டலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான யூரிடினைச் சற்றே மாற்றி, அந்த அழற்சியை அடக்கலாம் என்று 2005-ல் காட்டினார்கள். 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது. கரிகோ பல ஆண்டுகள் நிதி கிடைக்காமல், பதவி இறக்கப்பட்டும் இந்த வேலையை விடாதவர். அவரைப் பற்றிப் படித்த அன்று மனம் நெகிழ்ந்துபோனேன்.

அந்த உழைப்புதான் பிறகு வேகமாக மாறியது. 2020 ஜனவரி இரண்டாவது வாரத்தில் கொரோனாவின் மரபணு எழுத்து வெளியானது. மார்ச் 16-ல் மாடர்னாவின் எம்ஆர்என்ஏ ஊசியை முதல் மனிதருக்குப் போட்டுச் சோதித்துவிட்டார்கள். அதற்கு முன் வேகமாக வந்ததாகச் சொல்லப்படும் பொன்னுக்குவீங்கித் தடுப்பூசிக்கே சுமார் 4 ஆண்டுகள் ஆயின. இன்னொரு எம்ஆர்என்ஏ ஊசியான பைசரின் சோதனையில் ஏறக்குறைய 43,000 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். முடிவைக் கணக்கிடும்போது கொரோனா வந்திருந்த 170 பேரில் 162 பேர் உப்புநீர் போட்டவர்கள், 8 பேர் மருந்து போட்டவர்கள். 95 சதவீதம் என்று செய்தியில் வந்தது இந்தக் கணக்குதான்.

அப்படியானால் அந்த ஊசி ஏன் எங்கள் ஊருக்கு வரவில்லை? காரணங்களில் ஒன்று எனக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம், குளிர். எங்களிடம் இருக்கும் ஐஎல்ஆர் என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரி வரை வைத்துக்கொள்ளும். பைசர் ஊசி தொடக்கத்தில் கேட்டது மைனஸ் 70 டிகிரி. முகாமுக்குப் போகும்போது வேக்சின் கேரியரில் நான்கு ஐஸ்பேக் வைப்போம். உறைந்த ஐஸ்பேக்கை எடுத்தவுடன் உள்ளே வைக்கக் கூடாது. மேசையில் வைத்து வியர்க்க விட்டு, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும். அவசரப்பட்டு வைத்தால் பெண்டா (குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி) மாதிரி மருந்து உறைந்து வீணாகிவிடும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைத் தொட மாட்டோம். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பும் இந்தப் பெட்டிக்குள் அடங்கினால்தான் மலையடிவாரக் குழந்தைக்கு வந்து சேரும். அதனால்தான் 2022-ல் புனேயின் ஜெனோவா நிறுவனம் 2 முதல் 8 டிகிரியில் வைக்கக்கூடிய எம்ஆர்என்ஏ ஊசிக்கு அனுமதி வாங்கியபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு மிக அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது, அதிகமும் இளவயது ஆண்களுக்கு, இரண்டாவது டோஸுக்குப் பின். பெரும்பாலோர் குணமானார்கள். கோவிஷீல்ட் வகைக்கு மிக அரிதாக ரத்தம் உறைந்தது. ஓமிக்ரான் வந்த பிறகு ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் குறைந்துவிடும், வைரஸும் முள்ளை மாற்றிக்கொள்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் போகாமல் காத்த பலம் அதைவிட நீண்ட காலம் நின்றது.

எனக்கு இந்த நுட்பத்தின்மேல் உள்ள ஆசை கொரோனாவுக்காக மட்டும் இல்லை, நிபா வைரஸுக்காகவும். 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கம் அது வந்தபோது 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பேராம்பிரா ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி. என் வேலையைச் செய்தவர். பிறகும் 2021, 2023, 2024 என்று கேரளாவில் அது திரும்பத் திரும்ப வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து வரும் இந்த வைரஸ் தாக்கியவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேரைக் கொல்கிறது. அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை. சில பேருக்கு மட்டும் வரும் நோய்க்கு வருடக்கணக்கில் செலவழிக்க யார் வருவார்கள்? சீட்டில் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிற முறையில் அதற்கு ஒரு வழி தெரிகிறது. 2022-லேயே அமெரிக்காவில் நிபாவுக்கான எம்ஆர்என்ஏ ஊசியை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த அப்பத்தா அடுத்த முகாமுக்கு வந்தார், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. சீட்டுக் கதையைச் சொன்னேன். பேத்திதான் முதலில் தலையாட்டினாள். "சீட்டு வந்து பேரேட்ட எப்படித் திருத்தும்?" என்றாள். அப்பத்தா முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினார்.

இதைப் படிப்பவர்களில் ஏலத்தோட்ட லயத்தில் குழந்தையோடு போய்த் தங்குகிறவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். தட்டம்மை ஊசி இரண்டு தவணை. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16-லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் மலையேறும் வீடுகளில் விட்டுப்போகிறது. அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இங்கே புதன்கிழமைக்குக் காத்திருக்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டுங்கள், அதே ஊசியை அங்கேயும் இலவசமாகப் போடுவார்கள்.