பி0171: சென்சர் மாத்தியும் திரும்ப வருதா?

தம்பி, ஒட்சிசன் சென்சரை மாத்தி கார் கம்ப்யூட்டர் காட்டின பிழைக் குறியீட்டை (எரர் கோட்) அழிச்சும், நாவலப்பிட்டியில இருந்து ஹட்டன் ஏறும்போது அதே பி0171 திரும்ப வருதுனு எழுதியிருக்கீங்க. பாவம், அந்தச் சென்சர் சேதி சொன்னது மட்டும்தான்: காத்து கூட, பெற்றோல் குறைவு.

ஸ்கேனர்ல பியுவல் டிரிம் பாருங்க, அதாவது கம்ப்யூட்டர் பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்குதுனு. ஐடில்ல (நின்னபடி சும்மா ஓடும்போது) +20% காட்டி, 2500 ஆர்பிஎம்ல இறங்கினா எங்கயோ வெக்கியூம் லீக், அதாவது அளக்காத காத்து உள்ள நுழையிற ஓட்டை. ஏத்தத்துல கூடினா உள்ள போற காத்தை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சர்ல அழுக்கு, இல்லாட்டி பெற்றோல் பம்ப், பெற்றோல் ஃபில்டர். உங்களுக்கு ரெண்டாவதுதான்னு தோணுது.

ஆனா பம்ப் வாங்க முந்தி, ஏர் கிளீனருக்கு அடுத்த ரப்பர் ஹோஸைக் கழட்டி வளைச்சுப் பாருங்க. என் பழைய கார்ல மடிப்புக்குள்ள விரல் நீளத்துக்கு வெடிப்பு. நிக்கும்போது மூடிக்கும், என்ஜின் இழுத்து ஆடினா வாயைத் திறக்கும். ரெண்டு கராஜ்ல தெரியவே இல்ல.