எப்படித் தெரியும் என்று கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். மல்லிகையைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் ஒரே மூன்று வரி: 'மல்லிகை வெள்ளையாக இருக்கும். மணமாக இருக்கும். எனக்கு மிகவும் பிடிக்கும்.' ஐம்புலன்களுக்கும் ஐந்து கட்டம் போட்டு நிரப்பச் சொன்னேன். ஐந்து வரி வந்தது, அவ்வளவுதான். இத்தனைக்கும் பலர் விடுமுறை நாட்களில் அம்மாவோடு பூப்பறிக்கப் போகிறவர்கள். பேச்சுவழக்கில் எழுதினால் திருத்துவதா, விட்டுவிடுவதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த ஐந்து கட்டங்களை விட்டுவிடுங்கள். மல்லிகையின் ஓசை என்ன என்று கேட்டால் பிள்ளை எதை எழுதும்? கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று எதையாவது இட்டுக்கட்டும். உணராததை எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு புலன் போதும், அது உண்மையாக இருந்தால்.

'மணமாக இருக்கும்' என்பது முடிவு. அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் மூக்கும் விரலும் என்ன கண்டன என்பதுதான் நமக்கு வேண்டும். அதற்கு ஒரே கேள்வி: 'அது உனக்கு எப்படித் தெரியும்?'

திருமங்கலத்தில் பிள்ளைகளுக்கு நடத்திய பயிற்சியில் ஒரு சிறுவன் 'பருத்திப்பால் சூடாகவும் சுவையாகவும் இருந்தது' என்று எழுதியிருந்தான். சூடு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். டம்ளரைச் சட்டை நுனியால்தான் பிடிக்க முடிந்தது என்றான். சுவை? கொஞ்சம் யோசித்தான். முதலில் இனிப்பு, விழுங்கிய பிறகு சுக்கு தொண்டையைப் பிடிக்கும், அடியில் தேங்காய்த் துருவல் கிடக்கும், அதை விரலால் வழித்துத் தின்பேன் என்றான். அப்படியே எழுது என்றேன். 'இதையெல்லாமா எழுதுவார்கள்?' என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னை இன்னும் வருத்துகிறது. அவனிடம் எல்லாம் இருக்கிறது. அது எழுதத் தகாதது என்று யாரோ அவனை நம்ப வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளைகளிடமும் இருக்கிறது. விடியலில் பறிக்கும் மொட்டில் அவ்வளவாக மணம் இல்லை, மாலையில் இதழ் விரியும்போதுதான் அது கிளம்புகிறது என்பது பூப்பறிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அதை எழுதினால் அந்த நோட்டு மற்ற நோட்டுகளைப் போல இருக்காது. மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் சிறப்புகளில் ஒன்று தடித்த இதழ். இதை எந்த ஆவணத்திலும் படிக்க வேண்டாம், உங்கள் மாணவியின் கட்டைவிரல் சொல்லும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை வகுக்கும்போது தொடு உணர்வை முதலில் வைக்கிறார். நாக்கும் மூக்கும் அடுத்து வருகின்றன, கண் நான்காவதுதான். நம் பள்ளிக் கட்டுரைகளோ கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே முடிகின்றன. கையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஒரு மஞ்சள்பையில் புளி, தேங்காய் நார், வேப்பங்கொட்டை, பழைய சாவி என்று போட்டு, பார்க்காமல் கைவிட்டுத் தடவச் சொல்லுங்கள். பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது. எழுதியதைக் கேட்டு மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 'அழகு', 'மிகவும்', 'பிடிக்கும்' என்ற மூன்று சொற்களுக்கும் அன்று விடுமுறை. பிசுபிசு, சொரசொர, வழவழ என்று தானாக வந்து விழும். இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். வீட்டில் நாள் முழுக்க அதில்தான் பேசுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

மூன்று வரிக்கு மேல் கேட்காதீர்கள். நீளம் கேட்டால் மறுபடியும் 'மிகவும்' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பேச்சுவழக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் படியில் சிவப்பு மையே வேண்டாம். வினைமுற்றுகளை மறுநாள் பிள்ளையையே எழுத்துநடைக்கு மாற்றச் சொல்லுங்கள், அது எளிது. ஆனால் பொருளுக்கும் உணர்வுக்கும் வீட்டில் வழங்கும் சொல் வந்தால் கை வைக்காதீர்கள். பாட்டியிடம் கேட்ட சொல்லை அடித்துவிட்டுப் பாடநூல் சொல்லை மேலே எழுதினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை பாட்டியையே கட்டுரைக்குள் கொண்டுவராது.