134ஆ, 137ஆ, 173ஆ? ரீச்சர் கரும்பலகையில் எதை எழுதுவது?

அக்கரைப்பற்றில் உயர்தரப் புவியியல் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் கேட்டிருக்கிறார்: "அந்தாட்டிக்காவைச் சுற்றி ஓடும் நீரோட்டத்தின் அளவு என்று ஒரு பிள்ளை 134 கொண்டுவந்தது, இன்னொன்று 137, மூன்றாவது 173. எல்லாம் ஸ்வேட்ரப் என்ற ஒரே அலகில்தான். வகுப்பில் ஒரே சண்டை. நான் எதை எழுதுவது? இந்த ஓட்டம் நிற்கப்போகிறதாமே, உண்மையா? ஆட்டிக்குக்கும் இதே போல ஒரு வளையம் கீறலாமா?"

ரீச்சர், மூன்று பிள்ளைகளுக்கும் புள்ளி போடுங்கள். மூன்றும் தென் அமெரிக்காவின் நுனிக்கும் அந்தாட்டிக் தீபகற்பத்துக்கும் நடுவில், ஏறக்குறைய 800 கிலோமீற்றர் அகலமான திரேக் பாதையில், அளந்து எடுத்த எண்கள்தான். அளந்த விதம்தான் வேறு.

முதலில் அந்த அலகு. ஒரு ஸ்வேட்ரப் என்றால் விநாடிக்கு 10 இலட்சம் கன மீற்றர் தண்ணீர். பிள்ளைகளுக்கு இது வெறும் பூச்சியங்களாகத்தான் தெரியும், அதனால் இங்கினியாகலைக்குக் கூட்டிப்போங்கள், மனதால் போனாலும் போதும். அங்கே இருக்கும் சேனநாயக்க சமுத்திரக் குளம் முட்டினால் சுமார் 95 கோடி கன மீற்றர். வெறுமையாகக் கிடக்கும் அந்தக் குளத்துக்குள் இந்த நீரோட்டத்தைத் திருப்பிவிட்டால், 137 என்ற கணக்குப்படி ஏழு விநாடியில் நிரம்பிவிடும். 173 என்றால் ஐந்தரை விநாடி. உலகத்து ஆறுகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஸ்வேட்ரப்பைக் கொஞ்சம்தான் தாண்டும்.

சரி, ஏன் மூன்று எண்? 134 என்பது 1970களின் கடைசியில், கடலுக்குள் நட்டுவைத்த கொஞ்சக் கருவிகளை நம்பிச் சொன்னது. 137 அதற்குப் பிறகு, கப்பல்கள் அதே பாதையைத் திரும்பத் திரும்பக் குறுக்கே கடந்து, கருவியை அடிவரை இறக்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து எடுத்த சராசரி. இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. வெப்பமும் உப்பும் தெரிந்தால் நீரின் அடர்த்தி தெரியும், அதை வைத்து மேல்நீர் அடிநீரை விட எவ்வளவு கூட வேகமாக ஓடுகிறது என்று கணக்குப் போடலாம். ஆனால் தெரிவது வித்தியாசம் மட்டும்தான். ஓடுகிற கல்முனை பஸ்ஸுக்குள் ஒருவர் பின்னாலிருந்து முன்னுக்கு நடக்கிறார் என்று வையுங்கள், அவர் நடக்கிற வேகத்தை மட்டும் அளந்துவிட்டு பஸ் நிற்கிறது என்று நினைத்துக்கொண்ட கதைதான் இது. 2007 முதல் 2011 வரை கடலின் அடியிலேயே கருவிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், 4 கிலோமீற்றர் ஆழத்திலும் தண்ணீர் சும்மா கிடக்கவில்லை, பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று பிடிபட்டது. அந்த முறை வித்தியாசக் கணக்கில் மட்டும் வந்தது 127.7, அடி ஓட்டம் சேர்த்தது 45.6, மொத்தம் 173.3. அதிலும் 11 அளவு கூடிக் குறையலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஆகவே 137இலிருந்து 173 வந்ததை "ஓட்டம் கூடிவிட்டது" என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் அதை மட்டும் வெட்டுங்கள். கரும்பலகையில் "சுமார் 130 முதல் 170 வரை, அடிநீரைச் சேர்த்தால் மேல் எண்" என்று எழுதுங்கள். நான் என்றால் அப்படித்தான் எழுதுவேன்.

அடுத்தது அந்த அம்புக்குறி. தேசப்படத்தில் கொழுத்த ஒற்றை அம்பு கீறுவது எனக்கு எப்போதும் எரிச்சல். உள்ளே பிரதானமாக மூன்று வேகமான பட்டைகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது துருவ முகப்பு, அதாவது குளிர்ந்த தென்நீரும் அதைவிடச் சூடான வடநீரும் சந்திக்கும் எல்லை. கப்பலில் அதைத் தெற்கே கடந்தால், சில பத்துக் கிலோமீற்றருக்குள் மேல்நீர் இரண்டு மூன்று பாகை குளிர்ந்துவிடும். இந்தப் பட்டைகள் பிரியும், ஒட்டும், வளையும். கடலடியில் மலைத்தொடர் குறுக்கிட்டால் அந்த இடத்தில் கட்டிப்போட்டது போல நிற்கும், தாண்டியதும் அலையும். மூன்று நெளிந்த கோடு கீறுங்கள், போதும்.

நிற்கப்போகிறதா என்ற கேள்விக்கு வருவோம். இந்த ஓட்டத்தைத் தள்ளுவதில் பெரிய பங்கு மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்றுகளுக்கு. ஓசோன் துவாரத்தாலும் பச்சைவீட்டு வாயுக்களாலும் அந்தக் காற்றுகள் கடந்த சில பத்தாண்டுகளில் பலத்துத் தெற்கே நகர்ந்திருக்கின்றன. காற்றுக் கூடினால் ஓட்டமும் அதே அளவில் கூடவேண்டும் அல்லவா? கூடவில்லை. காற்றுத் தள்ளத் தள்ள கடலுக்குள் இருக்கும் அடர்த்தி அடுக்குகள் செங்குத்தாகச் சாய்கின்றன, அந்தச் சாய்வு ஒரு அளவுக்கு மேல் தாங்காமல் உடைந்து சுழிகளாகக் கழன்று போய்விடுகிறது, அடுக்கு மறுபடி தணிகிறது. கூடுதலாகக் கிடைத்த பலத்தில் பெரும்பகுதியை ஓட்டத்துக்குப் பதில் சுழிகள் தின்றுவிடுகின்றன. காற்றுப் பலத்த வருடத்துக்கு இரண்டு மூன்று வருடம் பிந்தித்தான் சுழிகள் கூடுவதும் செய்மதி அளவீடுகளில் தெரிந்திருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் பனிக்கட்டி உருகி வரும் நன்னீர். அது அடர்த்தி வித்தியாசத்தைக் கலைக்கும். வாயு வெளியீடு கூடிக்கொண்டே போனால் 2050 அளவில் ஓட்டம் 20 வீதம் தளரலாம் என்று 2025இல் வந்த ஒரு கணினி மாதிரி சொன்னது. தளர்வது வேறு, நிற்பது வேறு. காற்றும் திறந்த கடலும் இருக்கும்வரை அது நிற்காது.

ஆட்டிக்குக்கு வளையம் கீறாதீர்கள். தெற்கே நிலத்தைச் சுற்றிக் கடல், வடக்கே கடலைச் சுற்றி நிலம். அங்கே ஒரு சக்கரமும் ஒரு தெருவும் கீறினால் சரி. சக்கரம், அலாஸ்காவுக்கு வடக்கே வலஞ்சுழியாகச் சுற்றும் போபோர்ட் சுழல். தெரு, சைபீரியாவிலிருந்து துருவத்தைத் தாண்டிக் கிறீன்லாந்தின் கிழக்குப் பக்கம் இறங்கும் பனியின் பெயர்வு. சைபீரியாவுக்கு வடக்கே 1881இல் பனி நொறுக்கிய ஜெனெற் கப்பலின் சாமான்கள் மூன்று வருடம் கழித்துத் தென்மேற்குக் கிறீன்லாந்தில் ஒதுங்கின. அதை அறிந்த நோர்வே ஆய்வுப்பயணி நான்சன், தன் ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே பனிக்குள் உறையவிட்டு 1893 முதல் 1896 வரை மிதந்து அந்தத் தெருவை நிரூபித்தார். போகிற போக்கில், பனி காற்று வீசும் திசையிலேயே போகாமல் 20 முதல் 40 பாகை வலப்பக்கம் விலகுவதையும் குறித்துவைத்தார். சக்கரத்தின் இரகசியமும் அதுதான்: காற்று வலஞ்சுழியாக வீச, உப்புக் குறைந்த மேல்நீர் வலம் விலகி நடுவில் குவிகிறது. அப்படிக் குவிந்த நன்னீர் 1970களை விட 40 வீதம் அளவு கூடியிருக்கிறது. காற்றழுத்தம் மாறினால் சக்கரம் தளர்ந்து அதை அத்திலாந்திக்குக்கு அவிழ்த்துவிடும், தெருவும் இடம் மாறும்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று. இரண்டு பிளாஸ்ரிக் போத்தல் எடுங்கள். ஒன்று வெறும் போத்தல், மற்றதில் மூடி மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு மண்ணும் தண்ணீரும். இரண்டுக்கும் தங்கூசி கட்டி, கச்சான் காற்று வீசுகிற ஒரு பின்னேரம் களப்பிலே விடுங்கள். வெறும் போத்தல் காற்றோடு போகும், பாரமானது நீரோடு போகும். மெல்லிய கடற்பனிக்கும் ஆழமான பனிமலைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். முகத்துவாரம் வெட்டிய நாட்களில் மட்டும் வேண்டாம், அந்த இழுவைக்குக் கிட்டப் பிள்ளைகளை விடக்கூடாது.