வில்லின் முதுகில் உளி வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று ஆண்டுகளாக வில்வித்தைப் பயிற்சிக்குச் சென்றுவருகிறேன். அங்கே எங்களுக்குத் தரப்படுவது கண்ணாடியிழை (ஃபைபர்கிளாஸ்) வில். கையால் செய்த மரவில் ஒன்று வேண்டும் என்ற ஆசையில், மரக்கடையில் வாங்கிய தேக்குப் பலகையிலிருந்து ஐந்தரை அடி நீளத்துக்கு ஒரு வில்லை அறுத்தெடுத்து, இரண்டே நாட்களில் இழைத்து முடித்துவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன். இனி வேலைப்பாடுதான் மிச்சம். இலக்கை நோக்கும் வெளிப்புறத்தில் உளியால் பூங்கொடி செதுக்கி, கைப்பிடியருகே மகளின் பெயரைப் பொறித்து, இரண்டு மாதம் பொறுமையாகச் செய்யலாம் என்றிருக்கிறேன். மேலே வார்னிஷ் அடிப்பதா, ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பதா? சங்க காலத்தில் வில்லை எந்த மரத்தில் செய்தார்கள் என்பதையும் எழுத முடியுமா?

ஒரு வாசகர், கோபிசெட்டிப்பாளையம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் பெரியப்பாவின் தச்சுக் கருவிகள் மேசைமேல் கிடந்தன. ஊர் வீட்டை ஒழித்துக் கொடுத்தபோது தம்பி அனுப்பிவைத்தவை. மரத்தை வளையவைக்கும் கலையைப் பற்றித்தான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பதில் நீண்டுபோவதற்கு அதுவே காரணம். மகளின் பெயரைத் தாங்கிய ஒரு வில்லைச் செய்ய நினைத்த உங்கள் மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் வில்லுக்கு இரண்டு நாள், பூவுக்கு இரண்டு மாதம் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு எனக்குக் கோபத்தைத் தருகிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு விருப்பமில்லை.

நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம், அதாவது முதுகு, நீள முயல்கிறது. வில்லாளியை நோக்கும் வயிற்றுப்புறம் நசுங்குகிறது. முதுகில் உள்ள நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடினால்தான் அந்த இழுவையைத் தாங்க முடியும். ஆகவேதான் பழைய வில்தச்சர்கள் மரத்தை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். பட்டையை உரித்தபின், பல மரங்களில், ஒரே ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் பரப்பைக் கீறிவிடாமல் முனைக்கு முனை தொடர்ந்து சென்று, கணு வருமிடத்தில் கணுவோடு ஏறி இறங்கி, அதையே முதுகாக விட்டுவைத்தார்கள். ஐரோப்பாவில் வில்லுக்குப் பேர்பெற்ற யூ மரத்தில் பட்டைக்கு அடியிலுள்ள வெள்ளை மரம் முதுகாகிறது, உள்ளிருக்கும் வைரம் பாய்ந்த மரம் வயிறாகிறது. ஒன்று இழுவையைத் தாங்கும், மற்றது நசுக்கத்தைத் தாங்கும். அப்படிக் காப்பாற்றப்படும் முதுகில் நீங்கள் உளியை வைக்கப்போகிறீர்கள். உங்கள் கொடியின் ஒவ்வொரு வளைவும் நார்களைக் குறுக்காக வெட்டும். வெட்டுப்பட்ட நார் எதையும் தாங்காது; முறிவு அங்கேதான் தொடங்கும். அதோடு, தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் 1 மில்லிமீட்டர் இழைத்தாலே அந்த இடத்தின் விறைப்பில் ஏறத்தாழ கால்பங்கு போய்விடும். முகத்தருகே இழுத்துப் பிடிக்கும் ஒரு பொருளில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகத்தின் அழகான விற்களில் அழகு எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். வட கலிஃபோர்னியாவின் ஹுப்பா, யூரோக், கருக் பழங்குடி மக்கள் செய்த தட்டையான குட்டை விற்களின் முதுகில் வண்ணக் கோலங்கள் உண்டு. அந்த வண்ணம் மரத்தைத் தொடுவதில்லை. முதுகின்மேல் விலங்கின் தசைநாரை இழை இழையாகப் பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். நீட்சியைத் தாங்குவதில் தசைநார் மரத்தை விஞ்சியது. கோலம் அந்த உறையின்மேல்தான். அதே பகுதியில், தன் யாஹி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதராக 1911இல் காட்டிலிருந்து வெளிவந்த இஷி, மான் தசைநாரை மென்று மென்மையாக்கி, சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையால் முதுகில் ஒட்டியதை, அவருடைய மருத்துவரும் நண்பருமான சாக்ஸ்டன் போப் அருகிருந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானிய நீள்வில்லைச் சுற்றியிருக்கும் பிரம்புக் கட்டு, மூங்கிலும் மரமும் சேர்ந்த அடுக்குகள் பிரிந்துவிடாமல் இருக்கப் போட்டது. பிறகே அது உடையவரின் தகுதியைக் காட்டும் அணியாயிற்று. துருக்கிய விற்களின் தங்கப் பூக்கள், தசைநாரையும் பசையையும் ஈரத்திலிருந்து காக்கும் மேலுறையின்மீது தீட்டப்பட்டவை. இவர்களில் ஒருவரும் அழகுக்காக வில்லிலிருந்து எதையும் எடுக்கவில்லை. எப்படியும் அங்கே இருந்தாக வேண்டிய ஒன்றையே அழகாக்கினார்கள்.

1545இல் இங்கிலாந்தின் தென்கரையருகே மூழ்கி, 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ விற்கள் முழுதாகக் கிடைத்தன. ஆளைவிட உயரமான அந்த விற்களில் கொடியும் இல்லை, பூவும் இல்லை. செய்தவரின் அடையாளம் என்று கருதப்படும் சிறு குறிகள் மட்டும் நடுப்பகுதியை ஒட்டிக் காணப்படுகின்றன. உங்கள் மகளின் பெயருக்கும் அதுவே இடம். கைப்பிடி தடித்து, வளையாமல் நிற்கும் பகுதியின் பக்கவாட்டில் மையால் எழுதுங்கள். குழந்தையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் படத்தில் வில்லின் கீழ்க்கை, அதாவது பிடிக்குக் கீழுள்ள பாதி, பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கதவுக் கீல்போல ஓரிடத்தில் மடிகிறது. அதற்கப்பால் நுனிவரை பலகையாகவே கிடக்கிறது. பிடிக்கு மேலுள்ள கை வேறொரு வில்லுக்கு உரியது போலிருக்கிறது. இழைத்து முடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, நீங்கள் இன்னும் தொடங்கவேயில்லை.

பெரியப்பா கம்பம் பள்ளத்தாக்கில் காவடித்தண்டு செய்து கொடுப்பார். வளைந்து மீளும் குணத்துக்காக வில்லுக்கும் சுமைத்தண்டுக்கும் நம் மலைப்பக்கங்களில் பேர்பெற்ற சடச்சி மரம்தான் அவருக்கும் பிடித்தது. தண்டின் நடுவைக் கயிற்றில் தொங்கவிட்டு, இரு நுனியிலும் சம எடையுள்ள கற்களைக் கட்டிவிட்டு, பத்தடி தள்ளிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வெகுநேரம் பார்ப்பார். பிறகு எழுந்துவந்து, வளைய மறுக்கும் இடத்தைக் கரித்துண்டால் குறித்து, கண்ணாடிச் சில்லால் நாலைந்து முறை சுரண்டிவிட்டு மறுபடி திண்ணைக்குப் போவார். வாங்க வந்தவர் அவசரப்படுத்தினால், பெரியப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் தண்டை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுவார். பார்ப்பதுதான் அங்கே வேலை. சுரண்டுவது பார்த்ததன் பயன் மட்டுமே.

வில்லுக்கும் முறை இதுவே. வில்லைப் பிடியில் தாங்கும் ஒரு கட்டையைச் சுவரில் பொருத்துங்கள். தளர்ந்த நீண்ட நாணைக் கட்டி, கப்பி வழியாகக் கயிற்றால் சில அங்குலம் மட்டும் கீழே இழுத்து, தள்ளிநின்று பாருங்கள். விறைத்து நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். நன்றாக வளையும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள். விறைத்த இடத்தில், வயிற்றுப்புறத்தில் மட்டும், சுரண்டுங்கள். முதுகில் ஒரு கீறலும் விழக் கூடாது. சுரண்டியபின் அதே அளவுக்கு இருபது, முப்பது முறை இழுத்துத் தளர்த்துங்கள், ஏனென்றால் செய்த மாற்றம் வளைவில் தெரியவர மரத்துக்குச் சற்று அவகாசம் வேண்டும். பிறகே அடுத்த அங்குலம். ஒரு வளைவு கோணலாக இருக்கும்போது மேலும் இழுத்துப் பார்த்தால், அந்தக் கோணலை மரம் நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும்; நாணை அவிழ்த்த பின்னும் நிமிராது. அந்த இரண்டு மாதத்தை இதற்குக் கொடுங்கள். இரு கைகளும் சமமாக வளைந்து நிற்கும் அந்த வடிவத்தைவிட உயர்ந்த வேலைப்பாட்டை எந்த உளியாலும் உங்களால் கொண்டுவந்துவிட முடியாது.

தேக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அசையாமல் நிற்பதே அதன் பெருமை. அது கதவுக்கும் நிலைக்கும் ஆகட்டும். அந்தப் பலகையைக் கை பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், முழு நீளத்துக்கு இழுக்காதீர்கள், மகளைப் பக்கத்தில் நிற்கவிடாதீர்கள். அடுத்ததற்கு முற்றிய மூங்கிலோ, நார் நேராக ஓடும் சடச்சியோ, பிளந்து நிழலில் நன்றாகக் காய்ந்ததாகத் தேடுங்கள். சங்க கால மரங்களைப் பற்றிய கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. வில் செய்யாமல் அதைப் பற்றி மட்டும் படித்துக்கொண்டிருக்க உங்களுக்கு நானே வழிசெய்து தரக் கூடாது.

அடுத்த படத்தைச் சுவருக்கு முன்னால், நேர் எதிரே நின்று, நாணைப் பத்து அங்குலம் இழுத்த நிலையில் எடுத்து அனுப்புங்கள். வார்னிஷா எண்ணெயா என்பதை அதைப் பார்த்தபின் பேசிக்கொள்வோம்.

அன்புடன்