பதவிக்கு முன் பட்டம்: நாள்தான் முக்கியம்

பிரிட்டனில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவர், அங்கே கூட்டாட்சி அரசுப் பதவி ஏற்குமுன் 'சர்' பட்டத்தை மறுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுப்பதே நல்லது என்பேன்.

பதவியில் இருப்பவர் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) ஒப்புதலின்றி அயல்நாட்டு மன்னரிடம் பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு (முதல் பிரிவு, 9ஆம் உட்பிரிவு). பதவிக்கு முன்பே முழுமையாகப் பெற்றதை அந்த வாசகம் நேரடியாகத் தொடுவதில்லை. இப்போது சம்மதம் சொல்லிவிட்டு, பதவியேற்றபின் பட்டத்தை வாங்க அரண்மனைக்குப் போனால்தான் சிக்கல்: 'ஏற்ற' நாள் எது என்ற வாதம் கிளம்பும். அமெரிக்கக் குடியுரிமை மட்டுமே இருந்தால் அது கௌரவப் பட்டம்தான், 'சர்' என்று போட்டுக்கொள்ளவும் முடியாது. அதற்காக இந்தத் தலைவலி வேண்டாம்.

சம்மதம் கேட்டு வரும் கடிதத்துக்கே எழுத்தில் மறுப்பு அனுப்பச் சொல்லுங்கள். நகல் ஒன்று நியமனக் கோப்பில் இருக்கட்டும்.